பத்தாம் வகுப்பு வந்ததும் ராக்கெட்டைப் பரணில் போடாதீர்கள்

எங்கள் பக்கம் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் டென்னிஸ் ராக்கெட் பரணுக்குப் போய்விடும். நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளில் சேர்த்தால் மார்க் வரும், மார்க் வந்தால் மெடிக்கலோ இன்ஜினியரிங்கோ கிடைக்கும். பந்தடித்தால் என்ன கிடைக்கும் என்பார்கள். கல்லூரி அணிக்கு ஆடி, சில வருடம் தொழில்முறைப் போட்டிகளுக்கு அலைந்து, இப்போது சேலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்வி தினமும் வருகிறது.

பதிலாக நான் முதலில் சொல்வது சோம்தேவ் தேவ்வர்மனை. சென்னையில் ஆடி வளர்ந்தவர், படிப்பை விடவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே 2007, 2008 இரண்டு வருடமும் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர். படிப்பை முடித்து, 23 வயதில்தான் முழுநேர ஆட்டத்துக்கு வந்தார். 2009 ஜனவரியில் சென்னை ஓபனில் வைல்டு கார்டில் நுழைந்து, முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவையும் ஐவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதிவரை போனார். 2010-ல் காமன்வெல்த் தங்கம், ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம். 2011-ல் உலகத் தரவரிசையில் 62. மிரட்டுகிற சர்வீஸ் அவரிடம் கிடையாது. ஓடி ஓடி எதிராளியைக் களைக்க வைக்கிற கால்கள் இருந்தன. கல்லூரி ஆண்டுகள் ஓர் ஆட்டக்காரனுக்குத் தருவது அந்த உடம்பையும், வாராவாரம் கிடைக்கிற மேட்ச்சுகளையும்தான்.

அதேபோல அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்தோடு சேர்ந்து 2024-ல் ஹாங்சோ இரட்டையர் பட்டத்தை வென்றபோது வயது 35. பதினாறு வயதில் கதவு மூடிவிடுகிறது என்று யார் சொன்னது?

எல்லோராலும் அமெரிக்கா போக முடியாது. பெரியார் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, தென்மண்டலப் போட்டிக்கு ரயிலேறினாலே ஒரு பையன் நிறையக் கற்றுக்கொள்வான். தனக்காக மட்டும் ஆடியவன், பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துகிற சக ஆட்டக்காரனுக்காக முதல்முறையாக ஆடுவான். சர்வதேசப் போட்டியின் தகுதிச் சுற்றில் தனியாக நின்றபோதும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்.

பணக்கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆண்களின் தொழில்முறைப் போட்டிகளில் அடிப்படி 15,000 டாலர் போட்டி. அது மொத்தப் பரிசு. பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கு 200 டாலர்கூடத் தேறாது. தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் நம் செலவு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் ஓர் அப்பா கேட்டார்: "ஏனுங்க சார், இதுல பொழைக்க முடியுங்களா?" "ஆட்டத்தை மட்டும் நம்புனா கஷ்டமுங்க. கையில டிகிரி இருந்தா, தைரியமா ரெண்டு மூணு வருசம் ஆடிப் பார்க்கலாமுங்க" என்றேன். இன்றும் அதுதான் என் கருத்து.

ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளர் ஆகலாம் என்றால், அதுவும் தனித் தொழில். நன்றாக ஆடியவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வராது. ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) லெவல் 1 பயிற்சியாளர் படிப்பை ஆடுகிற காலத்திலேயே முடித்துவிடுங்கள். சொல்லிக்கொடுப்பதில் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஓர் உதாரணம்: எட்டு வயதுப் பையனிடம் அப்பாவின் 27 அங்குல ராக்கெட்டையும் மஞ்சள் பந்தையும் கொடுத்துப் பாருங்கள். பந்து அவன் தோளுக்கு மேல் எழும்பும். அதை அடிக்க உள்ளங்கையைப் பிடியின் அடிப்பக்கம் திருப்பிக்கொள்வான். அந்தப் பிடி ஊறிவிட்டால் மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து முக்கால் பங்கு மெதுவாக வரும், இடுப்புயரத்தில் நிற்கும். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று 2012-லேயே சர்வதேசக் கூட்டமைப்பு விதி போட்டாயிற்று. இங்கே இன்னமும் பல பெற்றோர், "சிவப்புப் பந்தெல்லாம் வேண்டாம், நிஜப் பந்தே கொடுங்க" என்கிறார்கள்.

நம் வெயிலுக்கு இன்னொன்று. சித்திரை மாதத்தில் ராக்கெட்டை வண்டி டிக்கியிலோ காரிலோ வைக்காதீர்கள். சூட்டில் ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அறாமலே செத்துப்போகும். அறுந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கிற பிள்ளைகளுக்கு முழங்கை வலி வருவதை நிறையப் பார்க்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு மென்மையான நைலான் ஸ்ட்ரிங்கே போதும், விலையும் குறைவு.

பெற்றோரிடம் கேட்பது இரண்டுதான். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் வாரத்தில் மூன்று மாலைகளையாவது கோர்ட்டுக்கு விடுங்கள். விடுதிப் பள்ளியில் சேர்க்கும்போது, அங்கே ஆட இடமும் நேரமும் உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.