கோலும் வாளும்

போன மாதம் கிளை வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, சிலம்பம் தெரிஞ்சவனும் வெள்ளைக்காரன் வாள்சண்டைக்காரனும் மோதினா யார் ஜெயிப்பா?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சிலம்பம்தான்" என்று நான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் பழைய ஐரோப்பிய வாள்வித்தை பழகும் ஒரு குழுவுக்கு முதல்நாள் போனபோது, பத்து நிமிடத்தில் முதுகில் மூன்று அடி வாங்கியவன் நான். கிள்ளானில் ஒன்பது வருடம் கோல் பிடித்தவன்!

இந்த வித்தையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஹேமா' என்பார்கள். "யாருடா அந்த ஹேமா, சனிக்கிழமை தவறாம போய்ப் பார்க்கிற?" என்று அம்மா ஒருநாள் விசாரித்தே விட்டார். இது ஒலிம்பிக்கில் வரும் ஃபென்சிங் இல்லை. ஒலிம்பிக் ஃபாயில் வாள் 500 கிராமுக்குள் இருக்கும். 14 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பாதையில் முன்னும் பின்னும்தான் போகலாம். தொட்டால் விளக்கு எரியும். ஹேமாவில் பிடிக்கும் நீள்வாள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வெட்டலாம், குத்தலாம், எதிராளியைச் சுற்றியும் வரலாம்.

இந்த நீள்வாள் வித்தையை ஐரோப்பாவில் ஆசான்–சீடன் என்று விடாமல் யாரும் காப்பாற்றவில்லை. துப்பாக்கி வந்தது, போர்முறை மாறியது, வித்தை அறுந்து போனது. இன்று பழகுகிறவர்கள் நூலைப் பார்த்துத்தான் மீட்கிறார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலுள்ள ஆயுத அருங்காட்சியகத்தில் ஒரு கையெழுத்து நூல் இருக்கிறது. சுமார் 700 ஆண்டுப் பழமையானது. வாளும் சிறு கேடயமும் பிடிக்கும் முறை அதில் படம் படமாக வரையப்பட்டிருக்கிறது. கற்றுக்கொடுப்பவர் ஒரு பாதிரியார், கற்பவன் அவர் மாணவன். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளோடு நிற்கிறாள். எங்கள் வகுப்புத் தங்கைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டியபோது மண்டபத்தில் ஒரே சத்தம்.

1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாக்கிம் மேயர் என்பவர் ஒரு பெரிய வாள்வித்தை நூலை அச்சிட்டார். தொழிலில் அவர் கத்தி செய்கிறவர். கடன் வாங்கிப் படங்களோடு அச்சடித்து, அடுத்த ஆண்டே இறந்து போனார். கடன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. ஆனால் அவர் காலை எங்கே வைத்தார் என்பது இன்றைக்கும் தெரிகிறது.

இவருக்கும் முந்தைய ஜெர்மானிய ஆசான் லீக்டனாவரின் பாடம் செய்யுளாக இருக்கிறது. வெளியாளுக்குப் புரியக்கூடாது என்றே மறைபொருளாகக் கட்டியது. நம் சித்தர்களின் பரிபாஷை மாதிரி. பின்னால் வந்தவர்கள் அதற்கு உரை எழுதினார்கள். மூலமும் உரையும் வைத்துக் குறள் படித்த நமக்கு இது புதுசில்லை. நிலைகளுக்கு வைத்த பெயர்களும் அப்படித்தான்: தலைப்பக்கம் கொம்பு போல வாளை நீட்டினால் 'எருது', இடுப்பிலிருந்து முனையை மேலே காட்டினால் 'ஏர்'. முனையைத் தரையில் தொங்கவிட்டு, ஏமாந்தவன் மாதிரி நின்றால் 'முட்டாள்'. முட்டாள் என்று நம்பி உள்ளே வருகிறவன்தான் அடி வாங்குவான்.

சரி, என் முதுகில் ஏன் அடி விழுந்தது? சிலம்பத்தில் நான் கோலைச் சுழற்றிக்கொண்டே உடம்பைத் திருப்பி அடுத்த காலை வைப்பேன். பல பேர் சூழ்ந்து நின்றால் அந்தத் திருப்பம்தான் உயிர் காக்கும். நீளக் கோல் சுழலும்போது அதுவே வேலி. ஒருவனுக்கு ஒருவன் நின்று, கையில் கோலைவிடக் குட்டையான வாள் இருக்கும்போது, திரும்பும் அந்தக் கணத்தில் முதுகு திறந்து கிடக்கிறது. ஹேமாவில் பின்கால் முன்னே கடந்து சாய்வாக விழும், கண் மட்டும் எதிராளியை விட்டு விலகாது. ஃபென்சிங்கிலோ பெரும்பாலும் முன்கால் முன்காலாகவே இருக்கும். மூன்று காலும் மூன்று இடத்துக்குப் பிறந்தவை. எது பெரியது என்ற கேள்வியே அங்கே செத்துப் போகிறது.

ஒற்றுமை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு வாள் குறுக்காக முட்டி நிற்கும்போது எதிராளி கெட்டியாக அழுத்துகிறானா, தளர்வாக இருக்கிறானா என்று கையாலேயே படிக்க வேண்டும். ஜெர்மானிய நூல்கள் இதற்கு 'உணர்தல்' என்றே பெயர் வைத்திருக்கின்றன. கெட்டியாக அழுத்தினால் எதிர்த்துத் தள்ளாதே, விட்டுவிட்டு மறுபக்கம் வெட்டு. தளர்ந்திருந்தால் அப்படியே உள்ளே குத்து. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோல் முட்டினா சண்டை போடாதே, கேளு" என்று எங்கள் ஆசான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது இதைத்தானே! நான்தான் திருவிழா மேடைக்குச் சுழற்றிக் காட்டுவதிலேயே இருந்துவிட்டேன். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் என்பது என் எண்ணம், கோபித்தாலும் பரவாயில்லை.

உங்கள் கிளையில் செய்து பாருங்கள். இருவர் எதிரெதிரே நின்று கோல்களின் நடுப்பகுதியைக் குறுக்காகச் சேர்த்து வையுங்கள். ஒருவர் கண்ணை மூடட்டும். மற்றவர் தன் இஷ்டத்துக்கு அழுத்தலாம், தளர்த்தலாம். கண் மூடியவர் ஒவ்வொரு முறையும் 'கெட்டி', 'தளர்வு' என்று சொல்ல வேண்டும். பத்தில் எட்டு சரியாக வந்தபிறகு, கண் திறந்து, மெதுவாக, தோளைத் தொடும் பயிற்சிக்குப் போகலாம். முகக்கவசம் இல்லாமல் தலைப்பக்கம் வேண்டாம்.

ஃபென்சிங்கையும் அந்நியம் என்று தள்ளிவிடாதீர்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர், சென்னைப் பெண் பவானி தேவி. பள்ளியில் பழகத் தொடங்கிய காலத்தில் மின்வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியால்தான் பயிற்சி செய்தார்.

இனி என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் ஆங்கிலேயர் நம் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். அதற்குப் பிறகும் கோல் பிழைத்தது. கப்பலேறி இங்கே தோட்டங்களுக்கு வந்தது, மாரியம்மன் திருவிழாவில் ஆடியது. அவர்களிடம் நூல் இருந்தது, ஆசான் இல்லை. நம்மிடம் ஆசான் இருக்கிறார். "ஐயாயிரம் வருடக் கலை" என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் எங்கள் ஆசானுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வீங்கியிருக்கிறது. அவர் போடும் பதினெட்டுக் காலடியில் முழுதும் தெரிந்தவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர்.

மேயர் நூலின் படங்களை அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் பின்கால் சரியா இருக்கு" என்றார். பிறகு, "புத்தகத்தைப் பார்த்தா கால் வருமாடா?" என்று கேட்டார். "வராது ஐயா, ஆனா ஆளே இல்லாமப் போனா இதாவது இருக்கும்ல" என்றேன். பதில் பேசவில்லை. உள்ளே போய்ச் சுண்ணாம்புக் கட்டி எடுத்து வந்தார்.

அன்றைக்கு வாசல் சிமெண்டுத் தரையில் நான்கு காலடி வரைந்து முடித்தோம். தங்கை ஒருத்தி போனில் படம் பிடித்தாள், நான் நோட்டில் அளவு எழுதினேன். ஐந்தாவது காலடிக்கு அவருடைய ஆசான் வைத்த பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. நினைத்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விஜயதசமிக்குக் கோல்களைப் பூஜையில் வைக்கும்போது அந்த நோட்டையும் பக்கத்தில் வைக்கப் போகிறோம். அதற்குள் எத்தனை பக்கம் நிறையுமோ தெரியவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு வரைகிறோம், சுண்ணாம்புக் கட்டி பிடிக்க ஆள் வேண்டும்.