மலேசியப் பயணம்: செலவைத் திட்டமிட

அயல்நாட்டுப் பிரயாணம் என்றதும் விமானக் கட்டணத்தை மாத்திரம் கணக்கிட்டுவிட்டு, போய் இறங்கிய பின் நேரும் சில்லறைச் செலவுகளை அலட்சியம் செய்வதே பல குடும்பங்களின் சிரமத்துக்குக் காரணமாகிறது. மலேசியாவில், விடுதி வாடகைக்கு மேல், அந்நிய நாட்டினரிடம் அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியாக வசூலிக்கப்படுவதால், இரண்டு அறைகளில் ஐந்து இரவுகள் தங்குவோர் 100 ரிங்கிட்டை ஆரம்பத்திலேயே தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல அதிவேக ரயிலைக் காட்டிலும் பேருந்துக்குக் கட்டணம் வெகு குறைவு. பத்துமலை முருகன் கோயிலுக்கோ நகரின் சென்ட்ரல் நிலையத்துக் கம்யூட்டர் ரயிலே போதும், கோயிலுக்கு அருகிலேயே இறக்கிவிடும்.

கடையில் அட்டையைக் கொடுக்கும்போது, ‘இந்திய ரூபாயிலா, ரிங்கிட்டிலா?’ என்று இயந்திரம் கேட்குமாயின், ரூபாய் நமக்குப் பரிச்சயமானதாயிற்றே என்று மயங்காமல், ரிங்கிட்டையே தேர்ந்தெடுப்பது உசிதம். ஏனெனில், ரூபாயில் செலுத்தும் சௌகரியத்துக்கான கூலி, பெரும்பாலும் இயந்திரம் காட்டும் மாற்று விகிதத்துக்குள்ளேயே மறைந்திருக்கும்.

மலேசிய அரசாங்கம் கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அரசாங்க இணையதளத்திலேயே இலவசமாகப் பூர்த்தி செய்துவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாயினும் தயவுசெய்து விலகிவிடுங்கள்.