விழித்திரை வீக்கத்துக்கு எந்த ஊசி?

ஒரு கண் மட்டும் வலியில்லாமல் திடீரென மங்கினால், விழித்திரை ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். சொட்டு மருந்து ஊற்றிக் காத்திருக்காமல் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நெல்லையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. இந்த அடைப்பால் விழித்திரை வீங்கினால் கண்ணில் போடும் ஊசிகளும், கவனிக்க வேண்டியவையும் இவை:

● அவாஸ்டின்: விலை குறைவு. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 6 மாத முடிவில் அஃப்ளிபெர்செப்டுக்கு ஈடாகப் பலன் தந்தது. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரித்துப் போடுவதால் சுத்தம் முக்கியம்.

● ரானிபிசுமாப்: இதற்கு இணையான இந்தியத் தயாரிப்பு ரசுமாப், 2015 முதல் கிடைக்கிறது.

● அஃப்ளிபெர்செப்ட்: விலை கூடுதல். 2019 பிரிட்டன் ஆய்வில் குறைவான ஊசிகளே தேவைப்பட்டன.

● ஊசி போட்டபின் கண்ணைக் கசக்காதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை தாமிரபரணியில் முங்கிக் குளிக்க வேண்டாம். வலி, சிவப்பு கூடினால் அன்றே போங்கள்.

● ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

எந்த மருந்தானாலும், பார்வை தெளிந்துவிட்டதென்று அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள்.