விமானம் பத்து மணி நேரம், கார்ட்டன் எத்தனை நாள்?

அன்புள்ள அம்மணிக்கு,

கொமரலிங்கத்திலிருந்து திருப்பூருக்கு மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார். ரொம்ப சந்தோஷம். ஏற்றுமதிக் காகிதங்களோடு நெடுநாள் புழங்கியவன் என்ற உரிமையில் ஒரு விஷயம் எழுதுகிறேன்.

பையர் ஒருநாள் கேட்பார், ஏரில், அதாவது விமானத்தில், அனுப்பினால் சரக்கு எப்போது கைக்கு வரும் என்று. நீ போனில் தேடுவாய். சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்று வரும். அதை நம்பி நாளைக் குறித்து மெயில் போட்டுவிடாதே.

அந்தக் கிலோமீட்டர், உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். விமானம் அப்படியே போகும் என்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போன இந்திய விமானங்கள் சுற்றிக்கொண்டுதான் போயின. தேதியும் ஏமாற்றும். 2021 ஜனவரியில் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாகப் பெங்களூர் வந்தது. பறந்தது சுமார் 17 மணி நேரம். கிளம்பியது 9ஆம் தேதி இரவு, இறங்கியது 11ஆம் தேதி அதிகாலை. அதனால் மெயிலில் நாள் எழுதும்போது எந்த ஊர்த் தேதி என்பதையும் சேர்த்து எழுது.

இதெல்லாம் விமானத்தின் கதை. சரக்கின் கதை வேறு. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேர் விமானம் உண்டு, ஐரோப்பாவுக்கு இல்லை. லாரி ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போக வேண்டும். அங்கே கஸ்டம்ஸ், எக்ஸ்ரே, இடத்துக்குக் காத்திருப்பு. நீ உடுமலையில் பஸ் மாறுகிறாயே, அதுபோலச் சரக்கும் துபாயிலோ தோஹாவிலோ மாறும், இடமில்லாவிட்டால் அடுத்ததில்தான். நம் பேக்கிங் மேசையிலிருந்து பையர் குடோன்வரை ஐந்தாறு நாள் ஆவது சாதாரணம்.

கூலியையும் பார். 60 × 40 × 40 சென்டிமீட்டர் கார்ட்டன் பெட்டியில் ஹூடி அடுக்கினால் தராசில் 11 கிலோ நிற்கும் என்று வை. நீள அகல உயரத்தைப் பெருக்கி 6,000 ஆல் வகுத்தால் 16 கிலோ வருகிறது. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இருநூறு பெட்டி என்றால் ஆயிரம் கிலோ வெறும் காற்றுக்குப் பணம். அதே துணியை அமுக்கி உயரத்தை 30க்குக் கொண்டுவந்தால் கணக்கு 12 கிலோவாக இறங்கும். பேக்கிங் மாஸ்டர் பக்கத்தில் ஒரு மதியம் நின்று பார்.

தாமதம் நம்முடையது என்றால் ஏர் கூலி கம்பெனி தலையில்தான் விழும். ஒரு ஆர்டரின் லாபம் முழுக்க அதில் கரையும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியபோது ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கூடியது. அப்போது சாயப்பட்டறையில் நான்கு நாள் இழுத்தாலே ஏர்தான் என்ற நிலை. ஆகையால் பையரின் குடோன் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வா. கலர் அப்ரூவல் தள்ளிப்போகும் அன்றைக்கே பையருக்குச் சொல். அவசரமான சைஸ்களை மட்டும் ஏரில் அனுப்பி, மீதியைத் தூத்துக்குடியில் கப்பலேற்ற ஒப்புவாரா என்று கேள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புவார்கள்.

அன்புடன்,
உன் பெரியப்பா