பருந்து வந்த தேதி

தோழியரே, காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது உங்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள்? பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பள்ளிக் கட்டடத்திற்கு மேலே தினமும் ஒரு கரும்பருந்து வட்டமிடுகிறது. அது உக்கடம் மீன் சந்தையை நம்பி ஆண்டு முழுவதும் நம் ஊரிலேயே வாழும் பறவை. ஆனால் ஐப்பசி மழையில் மேய்ச்சல் காடுகள் பச்சை பிடிக்கும் சமயத்தில், கசகஸ்தான் போன்ற தொலைதூர நாடுகளின் புல்வெளிகளிலிருந்து வேறு சில பருந்துகள் கொங்கு நாட்டுக்கு விருந்தாளிகளாக வருகின்றன. அவை வந்ததும் போனதும் நமக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒருவர் பார்த்துத் தேதியோடு எழுதி வைத்தால்தான் தெரியும். அவ்வாறு எழுதுவதைப் பற்றியும், அதில் நாங்கள் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

அந்த விருந்தாளிகளில் முக்கியமானவை பூனைப்பருந்துகள். மற்றப் பருந்துகளைப் போல் இவை உயரத்தில் வட்டமிடுவதில்லை. சிறகுகளை 'வி' எழுத்தைப் போல் சற்றே உயர்த்தி, புல் நுனியை உரசுவதுபோல் தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலி, வானம்பாடி ஆகியவற்றைப் பிடிக்கும். இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடையும். ஆகவே அந்தி நேரத்தில் ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்தால் அவை ஒவ்வொன்றாக இறங்குவதை எண்ணிவிடலாம்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்களில் ஏழு பேர் காங்கயத்துக்கு அருகே உள்ள எங்கள் தோழி ஒருத்தியின் அப்புச்சியின் கொறங்காட்டுக்குச் சென்றோம். நகரத்துத் தோழியருக்காக ஒரு வார்த்தை: கொறங்காடு என்பது உழுது விதைக்கும் நிலம் அன்று. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். அதில் காங்கயம் மாடுகள் மேயும். அப்புச்சி எங்களை வரப்பில் உட்கார வைத்து, "பேசாம இருங்க கண்ணு. பொழுது எறங்குனா அதுவா வரும். எங்கய்யன் காலத்துல இருந்து வருது" என்றார். சொன்னபடியே வந்தன. நாங்கள் ஆனந்தத்தில் எண்ணிக்கையை மறந்துவிட்டுக் குறிப்பேட்டில், "பருந்து, நிறைய" என்று எழுதிக்கொண்டு வந்தோம்.

திங்களன்று அதைப் பார்த்த எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் சிரித்துவிட்டார். "எந்தப் பருந்து? எத்தனை? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? வேறு என்னென்ன பறவைகள் இருந்தன?" என்று கேட்டார். எங்களிடம் ஒன்றுக்கும் விடை இல்லை. அடுத்த சனிக்கிழமை மீண்டும் சென்றோம். இம்முறை குறிப்பேட்டில் இருந்தது: மாலை 5.10 முதல் 6.30 வரை, பூனைப்பருந்து 6, மற்றப் பறவைகள் 19 வகை. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர நமக்கு அனுமதி இல்லையாதலால், சிஸ்டர்தாம் அதனை 'ஈபேர்ட்' என்னும் கணினித் தளத்தில் பதிந்தார்.

2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய பொதுக் குறிப்பேடு அது. பேராசிரியர் ஆனாலும் பள்ளி மாணவி ஆனாலும் பார்த்ததைப் பதியலாம். நம் நாட்டில் 2007-இலேயே பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் 'மைக்ரன்ட்வாட்ச்' என்ற பெயரில், வலசைப் பறவைகள் முதலில் கண்ணில் பட்ட நாளையும் கடைசியாகப் பட்ட நாளையும் பொதுமக்களிடமிருந்து திரட்டத் தொடங்கியது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. பொங்கல் உண்ட களைப்பில் தூங்குவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது எங்கள் கருத்து. வீட்டில் ஒப்புக்கொள்வார் இல்லை!

யார் யாரோ எழுதுவதைக் கொண்டு எப்படி ஆராய்ச்சி செய்ய முடியும் என்ற ஐயம் எங்களுக்கும் எழுந்தது. சிஸ்டர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வாரத்தில் 50 பட்டியல்கள் வந்து, அவற்றில் 10-இல் சேற்றுப் பூனைப்பருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 விழுக்காடு. அடுத்த வாரம் விடுமுறையானதால் 200 பட்டியல்கள் வருகின்றன. 40-இல் அப்பருந்து இருக்கிறது. பத்து நாற்பதாகிவிட்டது என்று மகிழலாமா? கூடாது. விழுக்காடு அதே 20. பெருகியது பருந்து அன்று, பார்ப்பவர் கூட்டம். இந்த விழுக்காட்டை வாரவாரியாக வரைபடத்தில் குறித்தால், ஆகஸ்டில் தரையோடு கிடக்கும் கோடு பின்னர் ஏறி, பனிக்காலம் முழுதும் நின்று, ஏப்ரல் முடிவில் மீண்டும் தரையைத் தொடும். அந்தக் கோடு ஏறும் வாரம்தான் பருந்து வந்த வாரம். வட இந்தியாவுக்கு ஒரு கோடும் நமக்கு ஒரு கோடும் வரைந்து ஒப்பிட்டால், எங்கே முதலில் வந்து எங்கே பின்னர் வருகின்றன என்பதும் விளங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பார்த்த பறவை எல்லாவற்றையும் எழுத வேண்டும். காகத்தை விட்டுவிட்டுப் பருந்தை மட்டும் எழுதினால் பட்டியல் பயன்படாது. எல்லாம் எழுதிய பட்டியலில் பருந்தின் பெயர் இல்லை என்றால், அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை என்பதே ஒரு செய்தியாகிறது.

இனி எங்கள் தவறு. அச்சமயம் நாங்கள் அமூர் வல்லூறைப் பற்றிப் படித்திருந்தோம். புறா அளவுகூட இல்லாத அச்சிறு பறவை சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, நாகாலாந்து வழியாக இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை செல்கிறது. 2012-இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சத்துக்கும் மேற்பட்ட வல்லூறுகள் வலைவீசிப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டே அவ்வூர் மக்கள் வேட்டையைக் கைவிட்டுக் காவலர்களாக மாறினார்கள். 2013 நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோகா, பாங்டி என்று பெயரிட்டு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சென்ற நாளில், அந்தரத்தில் நின்று சிறகடித்த ஒரு சிறு பறவையைக் கண்டோம். "அமூர் வல்லூறு!" என்று ஒருத்தி கூவினாள், மற்றவர்களும் கூவினோம். அப்படியே பதியச் செய்தோம். அறிவியல் கண்காட்சிக்கு அதைப் படமாகவும் வரைந்து வைத்து இரண்டாம் பரிசும் பெற்றோம். ஒரு வாரம் சென்று, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து பணிவான கேள்வி வந்தது. கால்கள் என்ன நிறம்? முதுகு சாம்பலா, செம்மண் நிறமா? புகைப்படம் உண்டா? எங்களால் சொல்ல முடிந்தது, சிறியது, அந்தரத்தில் நின்றது என்பது மட்டுமே. அப்படி நிற்பது சிவப்பு வல்லூறும் செய்யும், ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் கருந்தோள் பருந்தும் செய்யும். "இல்லை, அமூர்தான் என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவள் யார் என்று இங்கே எழுத மாட்டோம். அன்று எங்கள் எல்லோர் மனத்திலும் அவள் இருந்தாள். கடைசியில் பதிவை நீக்கச் சொன்னோம். தலைமையாசிரியை அறைக்குச் சென்று பரிசுச் சான்றிதழையும் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "வகுப்புக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பொய்ப் பதிவால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கக் கதை ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுன்டன் என்றொரு மலை. இலையுதிர் காலத்தில் அதன் வழியே செல்லும் பருந்துகளை விளையாட்டாகச் சுட்டுத் தள்ளுவது வழக்கமாக இருந்தது. 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அம்மலையைக் குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிக்காரர்களை வெளியேற்றினார். அன்றிலிருந்து அங்கே பருந்துகளை எண்ணத் தொடங்கினார்கள். 1935 முதல் 1939 வரை அங்கு கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 விழுக்காடாகக் குறைந்தது. ரேச்சல் கார்சன் 1962-இல் டி.டி.டி. மருந்தின் தீங்கை எடுத்துக்காட்டியபோது இக்கணக்கையும் சான்றாகக் காட்டினார். எண்ணியவர்கள் சற்றே கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் அந்தச் சான்று நின்றிருக்குமா?

நம் பூனைப்பருந்துகளுக்கும் அத்தகைய கணக்கு உண்டு. பறவை ஆர்வலர் பலர் பல ஊர்களில் அந்தி நேரத்தில் எண்ணி வைத்திருந்த முப்பது ஆண்டுக் குறிப்புகளை அசோகா அறக்கட்டளை ஆய்வாளர்கள் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் இந்தியா வரும் பூனைப்பருந்துகள் குறைந்து வருவதாக அதில் தெரிய வந்தது. செயற்கைக்கோள் கருவி ஒரு பறவை சென்ற வழியை நமக்குச் சொல்லும். ஆனால் எத்தனை பறவைகள் வராமல் போயின என்பதை இத்தகைய குறிப்பேடுகள்தாம் சொல்லும்.

அப்புச்சியின் கொறங்காட்டை ஒட்டிய காட்டை இவ்வாண்டு விற்றுவிட்டார்கள். வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கின்றன. அப்புச்சியிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். "மாட்டுக்குப் புல்லு வேணுமுங் அம்மிணி, அதனால இப்போதைக்கு குடுக்கல" என்றார். இக்கார்த்திகையில் நாங்கள் எண்ணியது: மாலை 5.10 முதல் 6.30 வரை, பூனைப்பருந்து 2. இரண்டும் பழுப்பு நிறப் பெண் பறவைகள் அல்லது இளம் பறவைகள். ஆதலால் வகை நிச்சயமில்லை, அப்படியே பதிந்திருக்கிறோம். ஓராண்டுக் கணக்கை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அரசுத் தேர்வு நெருங்குவதால் மாசி, பங்குனியில் நாங்கள் போக இயலாது. பருந்துகள் திரும்பிப் போகும் தேதி யாராவது எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் சிஸ்டரிடம் பெயர் கொடுக்கலாம். பெற்றோரின் கையொப்பம் தேவை. வெள்வேல முள் செருப்பைத் துளைத்துவிடும். ஷூ அணிந்து வாருங்கள்.