கணக்கைக் காக்கும் காப்பாளர்: தரவுத்தளச் சர்வரை நிறுவுதலும் பழுது நீக்குதலும்

விதைநெல்லைப் பத்தாயத்தில் இட்டுவைக்கும் உழவர், எலி புகாமலும் ஈரம் ஏறாமலும் அதனைக் காப்பது தம் கடமை என்பதை அறிவார். பொதுக் கணக்கும் அத்தகையதே. கணக்குக் கெடின், பணம் கெடுவதற்கு முன்னரே ஊரின் ஒற்றுமை கெடும். இன்று உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பலவற்றில் விதை வழங்கல், இயந்திர வாடகை, பங்குத்தொகை ஆகியவை கணினியில் எழுதப்படுகின்றன. அக்கணக்கைக் காக்கும் தரவுத்தளச் சர்வரை அலுவலகக் கணினியில் அமைக்கும் முறையையும், அது நின்றுபோனால் செய்யத்தக்கதையும் தகாததையும் ஈண்டுக் கூறுவோம். இ-கிராம்ஸ்வராஜ் போன்ற அரசுத் தளங்களில் பஞ்சாயத்து எழுதவேண்டிய கணக்குகளுக்கு இது மாற்று அன்று.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்றதும் குளிர் அறையில் நிற்கும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டா. இங்கே அது ஒரு மென்பொருளே. பண்டகசாலைக் காப்பாளரை அதற்கு ஒப்பிடலாம். உறுப்பினர் எவரும் தாமே உள்ளே புகுந்து மூட்டையைத் தூக்குவதில்லை, காப்பாளரிடம் கேட்கின்றனர். அவர் ஆளை அறிந்து, எடுத்துக் கொடுத்து, பேரேட்டில் எழுதுகிறார்.

எக்செல் தாள் போதாதோ என வினவலாம். சிறு கணக்குக்குப் போதும். ஆனால் ஒருவருக்கு 5 மூட்டை விதை கடனாக வழங்குவதாகக் கொள்வோம். இருப்பில் 5 குறையவேண்டும். அவர் பற்றில் 5 ஏறவேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் என் செய்வது? இவ்விரண்டையும் ஒரே நடவடிக்கையாகச் சர்வரில் எழுதுமாறு அமைத்தால், இரண்டும் பதிவாகும். அன்றேல் இரண்டுமே பதிவாகா. பாதிக் கணக்கு நில்லாது. இதற்காகவே சர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு முன்பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. மின்சாரம் மீண்டதும் அதனைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இம்முன்பதிவேட்டை நினைவில் வைத்துக்கொள்க.

நாம் எடுத்துக்கொள்வது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் சர்வர். இது 1986-இல் அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய பணியின் வழி வந்தது. 2005-இல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல் விண்டோஸில் நேரே இயங்குகிறது. இதற்கு விலை இல்லை.

நிறுவும் முறை

1. போஸ்ட்கிரெஸ்கியூஎல் அமைப்பின் இணையதளம் காட்டும் வழியிலேயே நிறுவியைப் பெறுக. பிறர் பென் டிரைவில் தருவதை ஏற்க வேண்டா.

2. கணினியின் நிர்வாகி உரிமையுடன் நிறுவியை இயக்குக. சர்வர், பிஜி-அட்மின் என்னும் மேற்பார்வைக் கருவி, கட்டளைக் கருவிகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. கணக்கு தங்கும் இடம் 'டேட்டா' என்னும் கோப்புறை. இதனைக் கணினியின் சொந்த வட்டிலேயே வைக்கவேண்டும். பென் டிரைவிலோ, ஒன்டிரைவ் போன்று இணையத்துடன் ஒத்திசையும் கோப்புறையிலோ வைத்தல் ஆகாது.

4. 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும். அதனை எழுதி, உறையில் இட்டு முத்திரையிட்டுத் தலைவரிடம் வைக்க. அன்றாடப் பதிவுக்கு வேறு பயனர் பெயரை உண்டாக்குக.

5. போர்ட் எண் 5432 என வரும். இது காப்பாளரின் வாசல் எண். முன்னரே வேறு பதிப்பு இருப்பின் 5433 ஆகலாம், குறித்துக்கொள்க.

6. எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 ஆக இருந்தால், உறுப்பினர் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம்.

கோளாறும் தீர்வும்

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என வந்தால், அந்த வாசலில் காப்பாளர் இல்லை என்பது பொருள். விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயங்குகிறதா எனப் பார்த்து, நின்றிருந்தால் 'ஸ்டார்ட்' கொடுக்க. இயங்கிக்கொண்டே இருந்தால், வாசல் எண்ணை ஒத்துப் பார்க்க.

'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என வந்தால் சர்வர் நலமாகவே உள்ளது. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. இதற்காகச் சர்வரை மீண்டும் நிறுவுவது வீண். பழைய டேட்டா கோப்புறை இருக்கும்வரை பழைய கடவுச்சொல்லே செல்லும்.

அலுவலகத்தின் மற்றொரு கணினியிலிருந்து மட்டும் இணைய இயலவில்லையெனில் மூன்று அனுமதிகளைப் பார்க்கவேண்டும்: சர்வர் வெளி அழைப்பைக் கேட்குமாறு அமைக்கப்பட்டுள்ளதா, 'பிஜி-எச்பிஏ' என்னும் அனுமதிக் கோப்பில் அக்கணினியின் முகவரி உள்ளதா, விண்டோஸ் ஃபயர்வால் அந்தப் போர்ட்டைத் திறந்துள்ளதா. அனுமதிக் கோப்பில் 'டிரஸ்ட்' என்று எழுதிவிட்டால் எளிதில் வேலை முடியும் என்பர் சிலர். அது கடவுச்சொல் கேளாமலே கதவைத் திறந்துவிடுவதாகும்.

தொடங்கிய உடனே சர்வர் நின்றுவிட்டால், டேட்டா கோப்புறைக்குள் 'லாக்' என்னும் கோப்புறையைத் திறந்து, கடைசிக் கோப்பின் இறுதி வரிகளைப் படிக்கவேண்டும். நோயாளி தாமே நோயைச் சொல்லும் இடம் அது. வட்டு நிறைந்தமை, ஆன்டிவைரஸ் கோப்பைப் பிடித்துக்கொண்டமை, கோப்புறை உரிமை மாறியமை ஆகியவை பெரும்பாலும் அங்கே தெரியவரும்.

ஒரு குழுவின் அனுபவம்

யான் பணிபுரிந்த வட்டாரத்தில், ஆடி விதைப்புக் காலத்தில், ஓர் உழவர் குழுவின் சர்வர் நின்றுபோயிற்று. உதவிக்கு வந்த இளைஞர் நல்லெண்ணம் உடையவரே. எனினும் லாக் கோப்பைப் படிக்கவில்லை. வட்டில் இடமில்லை என்று கண்டு, டேட்டா கோப்புறைக்குள் புகுந்து 'பிஜி-வால்' என்னும் பகுதியிலிருந்த கோப்புகளைப் பழங்கழிவு என எண்ணி அழித்தார். நாம் மேலே கூறிய முன்பதிவேடு அதுவே. அதன்பின் சர்வர் எழவில்லை. கடைசியாக எடுத்த நகலோ 40 நாள் பழையது.

ரசீது வைத்திருந்தோர் கணக்கை ஒன்பது நாள் அமர்ந்து மீண்டும் எழுதினோம். ரசீது இல்லாத மூதாட்டி ஒருவர், இரண்டு மூட்டை விதைக்குரிய பணத்தைக் கட்டிவிட்டதாகக் கூறினார். கட்டினார் என்றோ, கட்டவில்லை என்றோ காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. குழு அத்தொகையைத் தள்ளிக்கொடுத்தது. ஆயினும் "என்னைப் பொய்யள் என்று நினைத்தீர்களே ஐயா" என்ற அவர் சொல் இன்றும் என் செவியில் உள்ளது. கூட்டங்களில் எடுத்த வீடியோக்களே அன்று வட்டை நிறைத்திருந்தன. அவற்றை வேறிடத்துக்கு மாற்றியிருந்தால், சில நிமிடங்களில் சர்வர் எழுந்திருக்கும்.

செய்யவேண்டுவன

நாள்தோறும் அலுவல் முடிந்ததும் பிஜி-அட்மினில் 'பேக்கப்' எடுத்து, ஒரு நகலைக் கணினிக்கு வெளியே, வேறொரு கட்டிடத்தில் வைக்க. இயங்கும் டேட்டா கோப்புறையை அப்படியே பிரதி செய்தல் நகல் ஆகாது. மாதம் ஒருமுறை அந்நகலைப் புதிய வெற்றுத் தரவுத்தளத்தில் 'ரெஸ்டோர்' செய்து பார்க்க. முளைப்புத் திறன் பாராத விதையை நம்பி விதைப்பார் உண்டோ? பழுது நேர்ந்தால் முதலில் லாக் கோப்பைப் படிக்க. டேட்டா கோப்புறையில் எதனையும் கையால் அழிக்க வேண்டா. உறுப்பினருக்குத் தாள் ரசீது தருவதை ஒருபோதும் நிறுத்த வேண்டா.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் தம் குழுச் செயலரிடம் ஒரு கேள்வி கேட்பாராக: "கடைசி நகல் என்று எடுக்கப்பட்டது? அது எங்கே உள்ளது?" உடனே விடை வருமாயின், அக்குழுவின் கணக்கு காவலில் உள்ளது எனக் கொள்ளலாம்.