ஏற்றத்தில் நின்ற காரை நின்ற இடத்திலேயே பாருங்கள்

லிந்துலையில் கராஜ் வைத்திருப்பவனைத் தேடி ஒரே மாதிரியான ஒரு புகார் அடிக்கடி வரும். தலவாக்கலை தாண்டும்வரை கார் ஒழுங்காக ஓடியிருக்கும். ரதெல்ல குறுக்கு வீதியில் நானுஓயாப் பக்கம் ஏறும்போதோ, அக்கரப்பத்தனைத் தோட்டத்து ரோட்டில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போதோ எஞ்சின் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் விட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காதது போலப் பிடிக்கும். "அண்ணே, யாரோ சாவிய திருப்பி விட்ட மாதிரி பட்டுனு நின்னுருச்சு" என்றான் வேன் ஓட்டும் தம்பி ஒருவன். அவன் சொன்ன அந்தப் "பட்டுனு"தான் எனக்கு வேண்டியது. பெற்றோல் வராமல் நிற்கிற வண்டி முதலில் இழுவை குறைந்து, உதறி, திக்கித்தான் நிற்கும். உதறாமல், திக்காமல் ஒரேயடியாக அணைந்தால் என் கை முதலில் போவது கிராங்க் சென்சாரிடம்.

கிராங்க் புல்லிக்குப் பக்கத்திலோ, எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்திலோ அது இருக்கும். கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கும்போது ஒரு சிக்னல் போகும். சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பல கார்களில் 60 பல்லுக்கான இடத்தில் 2 பல்லை விட்டிருப்பார்கள். சிக்னல் நின்றால் எஞ்சின் சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, தீப்பொறியை நிறுத்தும், இன்ஜெக்டரை நிறுத்தும், பெற்றோல் பம்பையும் நிறுத்தும். பம்பில் சத்தம் இல்லை என்றதும் பம்பை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. லயத்தில் இருந்து நோயாளிகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற ஒருவர் நல்ல பம்பைக் கழற்றிவிட்டுப் புதுப் பம்புக்குக் காசு கொடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

சூட்டில் மட்டும் ஏன் நிற்கிறது? இரண்டு வயர் சென்சாரின் உள்ளே காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் விரிசல் விழுந்தால், சூடேறி விரியும்போது தொடர்பு விடும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். மூன்று வயர் வகையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சிப் சூட்டில் மயங்கும். நம் ஏற்றங்களில் வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் வேகமாகச் சுற்றும், காற்று போதாது. வண்டிகளும் பழையவை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவைத் திறந்தது. இது பழைய வண்டிக்கு மட்டும் வரும் நோயும் இல்லை. ஓடும்போதே எஞ்சினை அணைக்கக்கூடிய சென்சார் குறைக்காக 2003இல் நிசான் நிறுவனம் உலகெங்கும் 25 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தது.

கராஜுக்கு வந்து சேரும்போது வண்டி ஆறிவிடுகிறது, பழுதும் ஒளிந்துகொள்கிறது. அதனால் பார்க்க வேண்டியவர் ஓட்டுபவர்தான். நின்றவுடன் ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது கொஞ்சமாவது துள்ளும். பூஜ்யத்திலேயே படுத்திருந்தால் சந்தேகம் பலக்கிறது. ஆனால் சில கார்களில் நல்ல சென்சார் இருந்தாலும் முள் அசையாது. போனோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் அதே ஆர்பிஎம்மை எண்ணாகப் பார்க்கலாம். பி0335 என்று கோட் காட்டினால், அந்தச் சர்க்கிட்டில் கோளாறு என்று மட்டும்தான் அர்த்தம். கோட் இல்லை என்பதற்காக சென்சார் நல்லது என்றும் ஆகாது. சென்சார் கைக்கு எட்டுமானால், சாவியை எடுத்துவிட்டு, சைலன்சர் சூட்டில் கை படாமல் ஈரத் துணியை அதன் மேல் வைத்துச் சில நிமிடம் பொறுங்கள். உடனே பிடித்தால் ஏறக்குறைய ஆளைப் பிடித்துவிட்டோம்.

கராஜில் நான் மீட்டரை வைப்பேன். இரண்டு வயர் சென்சார் பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் மேனுவலில்தான் இருக்கும். ஆறிய நிலையில் எடுத்த அளவை நான் நம்புவதில்லை. முடி காயவைக்கும் டிரையரால் சூடேற்றிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பேன். திடீரென்று அளவு அறுந்து போனால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. மூன்று வயர் வகைக்கு ஓம் பார்க்கக் கூடாது. சப்ளை, ஏர்த், சிக்னல் மூன்றையும் சொக்கட்டில் பார்க்க வேண்டும்.

சொக்கட்டைச் சொன்னதும் நினைவு வருகிறது. புதுச் சென்சார் போட்டும் நிற்கிறது என்று ஒரு கார் வந்தது. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒரு கிளிப்புக்குக் கீழே உறை தேய்ந்து செம்பு மினுங்கியது. ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் சாயும்போது மட்டும் அது இரும்பில் தொட்டது. இங்குள்ள பனியும் மழையும் சொக்கட் பின்னில் பச்சை பிடிக்க வைக்கும், அதையும் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் பிடிக்காத கார் என்றால் முதலில் பேட்டரி. மெதுவாகச் சுற்றினால் இரண்டு வயர் சென்சாரின் சிக்னலும் மெலிந்துவிடும்.

இந்தக் கோளாறை வைத்துக்கொண்டு இறக்கத்தில் போகவே போகாதீர்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். ரதெல்ல குறுக்கு வீதி 2023 ஜனவரியில் ஒரே விபத்தில் ஏழு பேரைக் காவு வாங்கிய வீதி. நின்றுவிட்டால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளாமல், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த சென்சார் மலிவாகக் கிடைக்கும். நான் வாங்குவதில்லை, கடையில் ஆறிக் கிடக்கும் சென்சார் சூட்டில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழையதின் பார்ட் நம்பரைக் காட்டிப் புதிது வாங்குங்கள். முனையில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்து, ஓ-ரிங்கில் துளி எண்ணெய் தடவி உட்கார வையுங்கள். மாட்டியதும் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட மாட்டேன். நானுஓயா வரை ஏற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்வேன்.